கண்ணாடித் தட்டிற் கதிரவனைக் கண்டவர்

பழைய புகைப்படம் ஒன்றைக் கையிற் கொண்டு, அதிற்காணும் ஆகாய விமானம் இன்னதென்று அடையாளங் கூறுதல் ஒரு தனிக் கலையாகும். அக்கலையில் வல்லார் முதலில் இறக்கைகளை எண்ணுவர். அவற்றைத் தாங்கும் கம்புகளின் சாய்வை நோக்குவர். சக்கரங்களின் கால் உடலோடு பொருந்தும் இடத்தையும் வாலின் வளைவையும் ஆராய்வர். நம் நாட்டிலேயே இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. 1932-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள் ஜே. ஆர். டி. டாட்டா அவர்கள் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் ஏற்றிப் பறந்தது புஸ் மாத் என்னும் விமானத்திலாகும். ஐம்பது ஆண்டுகள் கழிந்தபின், 1982-இல், அதே வழியில் அவர் மீண்டும் பறந்தது லெப்பர்ட் மாத் என்னும் விமானத்தில். இரண்டும் டி ஹாவிலாண்ட் என்னும் ஒரே தொழிற்சாலையிற் பிறந்தவை; இரண்டும் உடலின் மேற்புறத்தே ஒற்றை இறக்கைத் தொகுதி உடையவை. ஆதலின் கண்டார் மயங்குதல் எளிது. எனினும் முன்னதன் இறக்கை அடிமுதல் நுனியளவும் ஏறக்குறைய ஒரே அகலமாய் நீளும். பின்னதன் இறக்கையோ நுனி நோக்கிக் குறுகிச் செல்லும். படத்தின்கீழ் எழுதப்பட்ட வாசகத்தை மட்டும் நம்புவோன் ஏமாறக்கூடும். இறக்கையை நோக்குவோன் ஏமாறான்.

இக்கலைக்கு வேண்டுவன இரண்டே. ஒன்று, நுண்ணிய அடையாளத்தையும் தப்பவிடாத பார்வை. மற்றொன்று, தான் எதிர்பார்த்ததைப் படத்தின்மேல் ஏற்றிக் காணாத நேர்மை. இவ்விரண்டனுள் பின்னதே அரியது. இவ்விரண்டையும் தம் வாழ்நாள் முழுதும் பயின்ற பெரியார் ஒருவர், பதினாறு ஆண்டுக்காலம் நம் பழனி மலையின்மேல் வாழ்ந்தார். அவர் படத்தில் அடையாளங் கண்டது விமானத்தை அன்று. ஏறக்குறைய ஒன்பது கோடியே முப்பது லட்சம் மைலுக்கு அப்பால் நின்று எரியும் ஞாயிற்றின் இயல்பையே ஆகும். கொடைக்கானல் வான ஆராய்ச்சி நிலையத்தின் தலைவராய் விளங்கிய ஜான் எவர்ஷெட் என்பவரே அப்பெரியார். அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

எவர்ஷெட் 1864-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 26-ஆம் நாள் இங்கிலாந்தில் சர்ரே மாகாணத்தைச் சார்ந்த காம்ஷல் என்னும் சிற்றூரிற் பிறந்தார். உயர்ந்த பட்டம் எதனையும் அவர் பல்கலைக்கழகத்தில் பயின்று பெற்றாரல்லர். லண்டனில் வேதிப்பொருள் வாணிகம் செய்யும் நிறுவனம் ஒன்றில் எண்ணெய் முதலியவற்றைச் சோதிக்கும் வேலையில் அமர்ந்து ஊதியம் பெற்றுவந்தார். பகலெல்லாம் அலுவலுக்கு விற்ற அவர், எஞ்சிய பொழுதனைத்தையும் வானத்துக்கே ஈந்தார். 1890-ஆம் ஆண்டில் கென்லி என்னும் இடத்தில் தமக்கெனச் சிறியதோர் ஆராய்ச்சிக் கூடம் அமைத்துக்கொண்டார். கருவிகளை விலைக்கு வாங்குதலினும் தாமே செய்து கொள்ளுதலில் அவர்க்கு விருப்பம் மிகுதி. ரான்யார்டு என்னும் வானநூல் அறிஞர் அவர்க்கு நண்பர். 1894-இல் அவர் இறந்தபோது அவருடைய பெரிய தொலைநோக்கி எவர்ஷெட்டின் கைக்கு வந்தது. வானநூலைத் தொழிலாகக் கொள்ளாது காதலாகக் கொண்டோர் கூடி 1890-இல் நிறுவிய பிரிட்டிஷ் வானநூற் கழகத்தின் தொடக்க உறுப்பினருள் அவரும் ஒருவர்.

சூரிய கிரகணம் எங்கு நிகழினும் அங்குச் செல்லும் வேட்கை அவர்க்கு இருந்தது. 1896-இல் நார்வே நாட்டின் வடகோடிக்குச் சென்றார். குறித்த நேரத்தில் மேகம் மூடிற்று. கிரகணம் காணக் கிடைத்திலது. ஆயினும் அப்பயணம் வீணாகவில்லை. மேரி ஆக்வர்த் ஆர் என்னும் பெண்மணியை அவர் அறிந்தது அப்பயணத்திலேயாம். விண்மீன்களிலும் இத்தாலியப் பெருங்கவி தாந்தேயின் காவியத்திலும் ஒருங்கே ஈடுபட்ட அம்மாது, பத்தாண்டுகளுக்குப் பின்னர் 1906-இல் அவர்க்கு வாழ்க்கைத் துணைவியானார்.

1898-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 22-ஆம் நாள் நிகழ்ந்த கிரகணம் அவரை முதன்முதலாக இந்தியாவிற்கு அழைத்து வந்தது. பீரார்ப் பகுதியில் தல்னி என்னும் ஊரில் அவர் கருவிகளை நாட்டினார். திங்களின் வட்டம் ஞாயிற்றை முழுதும் மறைக்கும் அந்த நொடியில், ஞாயிற்றின் விளிம்பு மட்டும் மெல்லிய பிறைபோல ஒளிரும். அவ்வொளியை முப்பட்டைக் கண்ணாடியாற் பிரித்தால், எப்போதும் கரியவாய்த் தோன்றும் கோடுகள் ஒளிக்கோடுகளாய் மாறிச் சில விநாடிகள் மட்டும் நின்று மறையும். எவர்ஷெட் அதனைப் படமெடுத்தார். கண்ணுக்குப் புலனாகாத ஊதாக்கடந்த பகுதியையும் அவருடைய தட்டு பதிவு செய்திருந்தது. ஹைட்ரஜன் வாயுவின் கோடுகள் வரவர நெருங்கி ஓர் எல்லையில் முடிந்தபின்னும், அவ்வெல்லைக்கு அப்பால் மங்கலானதோர் ஒளி தொடர்ந்து பரவியிருத்தலை அதில் அவர் கண்டார். பிறர் கண்ணுக்கு அது தட்டின் கறையாகத் தோன்றியிருத்தலுங் கூடும். அது கறையன்று, ஞாயிற்றின் ஒளியே என அவர் தெளிந்தார். அணுவின் அமைப்பைப் பற்றிய புதிய கொள்கை 1913-இல் தோன்றிய பின்னரே அவ்வொளியின் காரணம் விளங்கிற்று.

இனி, கொடைக்கானல் நிலையம் தோன்றிய வரலாற்றை நோக்குவோம். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தை நம் முன்னோர் கதையாகக் கூறக் கேட்டிருப்போம். இலட்சக்கணக்கான மக்கள் அதில் மாண்டனர். மழை பொய்ப்பதை முன்னரே அறிய வழியுண்டோ என்று அறிஞரும் அரசினரும் கவன்ற காலம் அது. ஞாயிற்றின் முகத்தில் தோன்றும் கரும்புள்ளிகள் ஏறக்குறையப் பதினோராண்டுக்கு ஒருமுறை மிகுந்தும் குறைந்தும் வருதல் அப்போதே அறியப்பட்டிருந்தது. அப்புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் தொடர்பிருக்குமானால், ஞாயிற்றை இடைவிடாது நோக்கிப் பஞ்சத்தை முன்கூட்டி அறியலாமன்றோ? இந்நம்பிக்கையே மலைமேல் ஞாயிற்று ஆராய்ச்சி நிலையம் ஒன்று வேண்டும் என்னும் எண்ணத்திற்கு உரமூட்டியது.

அந்நிலையத்தை நிறுவிய பெருமை சார்லஸ் மிக்கி ஸ்மித் என்னும் ஸ்காத்லாந்து நாட்டவரைச் சார்ந்தது. அவர் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பௌதிக நூற் பேராசிரியராய் இருந்து, 1891-இல் அரசாங்க வானநூலறிஞர் பதவியை ஏற்றவர். மிஷன் கல்லூரி ஒன்றின் வகுப்பறையிலிருந்து புறப்பட்ட ஆசிரியரே இந்நிலையத்தின் முதற் தலைவர் என்பது நம்மனோர்க்கு மகிழ்ச்சி தருவதொன்றாம். நீலகிரியிலும் பழனி மலையிலும் வானத்தின் தெளிவைச் சோதித்தபின், ஏறக்குறைய 7,700 அடி உயரத்திலுள்ள கொடைக்கானற் குன்றொன்று தேர்ந்தெடுக்கப்பட்டது. 1895-இல் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு அடிக்கல் நாட்டினார். 1899-இல் சென்னையில் நடந்துவந்த வானநூற் பணி இம்மலைக்கு மாற்றப்பெற்றது. 1901 முதல் ஞாயிற்றை நோக்கும் வேலை முறையாகத் தொடங்கிற்று.

பழனி மலை சங்கப் புலவர்க்குப் பொதினி. ஆவியர் குடியில் வந்த பேகன் மயிலுக்குப் போர்வை ஈந்த நாடு இது. குளிரால் நடுங்கும் என்று மயிலுக்கு இரங்கியவன் ஆண்ட மலையில், மழையின்றி மாயும் மக்களுக்கு இரங்கி எழுந்தது இவ்வாராய்ச்சி நிலையம் என்று எண்ணும்போது, நாட்டின் பழமையும் புதுமையும் ஒன்றையொன்று தழுவி நிற்றலைக் காண்கின்றோம்.

மிக்கி ஸ்மித்திற்குத் துணைவராக எவர்ஷெட் நியமனம் பெற்றார். அமெரிக்கா, ஜப்பான் வழியாகப் பயணஞ் செய்து, கலிபோர்னியாவில் வில்சன் மலைமேல் ஹேல் என்னும் பேரறிஞர் நடத்திவந்த ஞாயிற்று ஆராய்ச்சிக் கூடத்தையும் கண்டு, 1907-ஆம் ஆண்டு ஜனவரியில் மனைவியாருடன் கொடைக்கானலை அடைந்தார். அப்போது அவர்க்கு வயது நாற்பத்திரண்டு. பலர் ஓய்வை நினைக்கத் தொடங்கும் வயதில் அவருடைய உண்மையான தொழில் தொடங்கிற்று.

அந்நாளில் கொடைக்கானலுக்கு மோட்டார்ச் சாலை இல்லை. அம்மையநாயக்கனூர் இரயில் நிலையத்தில் இறங்கி, மாட்டு வண்டியில் மலையடிவாரத்துக் கிருஷ்ணம நாயக்கன் தோப்பை அடைந்து, அங்கிருந்து குதிரையிலோ டோலியிலோ கால்நடையாகவோ ஏறுதல் வேண்டும். ஞாயிற்றைப் படமெடுக்க வேண்டிய கண்ணாடித் தட்டுகளும் பளுவான இரும்புக் கருவிகளும் கூலியாட்களின் தலையிலும் தோளிலும் ஏறியே மலைமேற் சென்றன. நம் நாட்டு ஏழைத் தொழிலாளரின் வியர்வையும் இவ்வறிவுச் செல்வத்தின் அடிப்படையில் உண்டு என்பதை நாம் மறத்தலாகாது.

நிலையத்தில் ஏற்கெனவே கேம்பிரிட்ஜிலிருந்து வந்த ஞாயிற்றுப் படக்கருவி ஒன்று இருந்தது. சூரிய ஒளி முழுவதையும் கொள்ளாது, கால்சியம் என்னும் ஒரு பொருள் வீசும் ஒளியை மட்டும் தெரிந்தெடுத்து அவ்வொளியாலேயே ஞாயிற்றின் உருவத்தைத் தட்டிற் பதிப்பது அது. எவர்ஷெட்டின் கை பட்டபின் அக்கருவி மேலுஞ் செம்மையுற்றது. பின்னர், ஹைட்ரஜனின் செவ்வொளியிற் படமெடுக்கும் மற்றொரு கருவியையும் அவரே அமைத்தார். கென்லியில் சிறு கூடத்தில் பயின்ற கைத்திறன் இவ்வாறு மலைமேல் பயன்பட்டது.

அவருடைய பெயரை உலகறியச் செய்த நிகழ்ச்சிக்கு இனி வருவோம். அதனை விளங்கிக்கொள்ள ஒரு சிறு முன்னுரை வேண்டும். இரயில் வண்டி ஊதிக்கொண்டு நம்மை நோக்கி வருங்கால் அதன் ஒலி கூர்மையாகக் கேட்கின்றது. நம்மைக் கடந்து விலகிச் செல்லுங்கால் தாழ்ந்து கேட்கின்றது. ஒளிக்கும் இவ்வியல்பு உண்டு. ஒளிரும் வாயு நம்மை நோக்கி வருமாயின் அதன் நிறமாலைக் கோடுகள் ஊதாப் பக்கம் சிறிது பெயரும். நம்மைவிட்டு நீங்குமாயின் சிவப்புப் பக்கம் பெயரும். ஆகவே, ஒரு கோடு எப்பக்கம் எவ்வளவு விலகியுள்ளது என்று தட்டில் அளந்தால், ஞாயிற்றின் வாயு எத்திசையில் எவ்வளவு விரைவாய் ஓடுகின்றதென்று கணக்கிடலாம். விலகலோ மயிரிழையினும் நுண்ணியது.

1908-ஆம் ஆண்டில் வில்சன் மலையில் ஹேல் பெரியதொரு கண்டுபிடிப்பைச் செய்தார். சூரியப் புள்ளிகளில் வலிமிக்க காந்த ஆற்றல் உளதென்று அவர் நாட்டினார். புள்ளிகளைச் சூழ்ந்து ஹைட்ரஜன் வாயு சுழிபோல வளைந்திருத்தலை அவர் எடுத்த படங்கள் காட்டின. ஆகவே சூரியப் புள்ளி என்பது பெருஞ் சூறாவளிபோலச் சுழல்வது என்னும் கருத்து அறிஞரிடையே வேரூன்றியது. அச்சுழற்சியைக் கோடுகளின் விலகலாற் காணலாம் என்னும் எண்ணத்தோடே எவர்ஷெட்டும் தாம் அமைத்த ஆற்றல்மிக்க நிறமாலைக் கருவியைப் புள்ளிகளின்மேல் திருப்பினார்.

1909-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 5-ஆம் நாள், பெரிய புள்ளிகள் இரண்டின் நிறமாலையைப் படமெடுத்தார். ஒவ்வொரு புள்ளிக்கும் நடுவிற் கரிய பகுதியும், அதனைச் சூழச் சற்று மங்கிய வளையமும் உண்டு. அவ்வளையத்தின் மேற்சென்ற இடங்களில் கோடுகள் நேர் நில்லாது சாய்ந்து தோன்றின. ஏதோ ஓர் ஓட்டம் அங்கு உளதென்பது தெளிவாயிற்று. அஃது எதிர்பார்த்த சுழற்சிதானோ?

ஈண்டே அவருடைய சிறப்பு விளங்குகின்றது. செக்கைச் சுற்றும் மாட்டைத் தூரத்தே ஒரு பக்கத்தில் நின்று நோக்குவோமாயின், செக்கின் இடப்புறத்தே அது நம்மை நோக்கி வரும். வலப்புறத்தே நம்மைவிட்டு நீங்கும். குளத்தின் நடுவே கல் விழ அலை எழுந்து பரவுவதைக் கரையில் நின்று நோக்குவோமாயின், நமக்கு அண்மையிலுள்ள பகுதி நம்மை நோக்கி வரும். சேய்மையிலுள்ள பகுதி நீங்கிச் செல்லும். இடமும் வலமும் செல்வன வருதலும் நீங்குதலும் இலவாய்த் தோன்றும். சுழற்சிக்கும் பரவுதலுக்கும் உள்ள வேறுபாடு இதுவே. ஆகவே எவர்ஷெட் ஒளி புகும் துளையைப் புள்ளியின்மேல் பல திசைகளில் வைத்துப் படமெடுத்தார். ஞாயிற்றின் நடுவிடத்தையும் விளிம்பையும் இணைக்கும் கோட்டின் வழியே துளை அமைந்தபோது விலகல் மிகுதியாயிருந்தது; அதற்குக் குறுக்கே அமைந்தபோது விலகல் இல்லை. விளிம்பை அடுத்த பக்கத்தில் கோடு சிவப்பை நோக்கியும், நடுவிடத்தை அடுத்த பக்கத்தில் ஊதாவை நோக்கியும் பெயர்ந்திருந்தது. ஞாயிற்றின் நடுவே நேராக நிற்கும் புள்ளிகளில் இவ்விலகல் காணப்படவில்லை. கருவியின் குற்றமாயின் எங்கும் ஒருபடித்தாய்த் தோன்ற வேண்டுமன்றோ?

ஆதலின் முடிவு ஒன்றே. புள்ளியின் வாயு செக்குமாடுபோலச் சுழலவில்லை. குளத்தலைபோல நடுவினின்று நாற்புறமும் மேற்பரப்பையொட்டிப் பாய்கின்றது. அதன் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர். சென்னைக்கும் கொடைக்கானலுக்கும் இடைப்பட்ட சாலைத் தூரத்தை ஏறக்குறைய நான்கு நிமிடத்திற் கடக்கும் விரைவு அது. உலகப் பேரறிஞரின் கருத்து ஒருபுறம். மலைமேல் ஒரு சிறு கூடத்திற் கழுவி உலர்த்திய கண்ணாடித் தட்டு மறுபுறம். எவர்ஷெட் தட்டையே நம்பினார். எனினும் ஹேலின் பெருமையைக் குறைத்தாரல்லர். புள்ளியிற் காந்த ஆற்றல் உண்டென்ற ஹேலின் முடிபும் இன்றளவும் நிலைத்து நிற்கின்றது. சில ஆண்டுகளுக்குள் வில்சன் மலையிலேயே செயின்ட் ஜான் என்னும் அறிஞர் இதனை விரிவாக ஆராய்ந்து உறுதிப்படுத்தினார். கீழடுக்கில் வாயு புறத்தே பாய, உயர்ந்த அடுக்கில் அது உட்புறமாகப் பாய்கின்றது என்பதும் தெளிவாயிற்று. இந்நிகழ்ச்சி இன்று உலக நூல்கள் எல்லாவற்றிலும் எவர்ஷெட் விளைவு என்றே பெயர் பெற்று விளங்குகின்றது.

1911-இல் மிக்கி ஸ்மித் ஓய்வு பெற, எவர்ஷெட் தலைவரானார். ஓய்வு பெற்ற மிக்கி ஸ்மித் தாம் தேர்ந்த மலையை விட்டு நீங்காது கொடைக்கானலிலேயே வாழ்ந்து 1922-இல் அங்கேயே காலமானார்.

எவர்ஷெட் அம்மையாரின் தொண்டும் இங்கே கூறத்தக்கது. ஞாயிற்றின் விளிம்பினின்று எழும் தீக்கொழுந்துகளை அவர் தனித்தும் கணவரோடு கூடியும் ஆராய்ந்து எழுதினார்; பல்லாண்டுப் படங்களைத் தொகுத்து இருவரும் வெளியிட்ட ஆராய்ச்சி 1917-இல் வந்தது. தாந்தேயும் பண்டை வானநூலாரும் என்னும் பொருள்பற்றிய அவருடைய சிறந்த நூல், முதல் உலகப் போருக்குச் சற்று முன்னர், அவர் கொடைக்கானலில் வாழ்ந்த காலத்தே இயற்றப்பெற்றது. இலக்கியம் பயில்வார்க்கு விஞ்ஞானம் வேறோர் உலகம் என்று எண்ணும் நம்மில் சிலர்க்கு அவ்வம்மையாரின் வாழ்க்கை நல்ல மறுமொழியாம். நம் பண்டைப் புலவரும் கோள்களின் நிலையைப் பாட்டில் அமைத்தவரேயன்றோ?

1910-இல் ஹேலி வால்மீன் வந்தபோது எவர்ஷெட் அதனையும் கொடைக்கானலிலிருந்து படமெடுத்தார். 1915-இல் காஷ்மீரப் பள்ளத்தாக்கிற்குச் சென்று, அங்குத் தற்காலிகமாக ஒரு நிலையம் அமைத்து, வானத்தின் தெளிவை ஆராய்ந்தார். அதே ஆண்டில் லண்டன் ராயல் சங்கத்தின் அங்கத்தினர் என்னும் சிறப்பையும், 1918-இல் ராயல் வானநூற் சங்கத்தின் தங்கப் பதக்கத்தையும் பெற்றார். கல்லூரிப் பட்டம் பெறாதவர்க்குக் கற்றோர் அவை தானே எழுந்து கைகொடுத்தது.

தட்டிற் காணும் நுண்ணிய விலகலை அளக்க அவர் கண்ட உபாயம் ஒன்று மிக எளிது. அதனாலேயே மிக அழகிது. கோடுகள் பதிந்த தட்டினின்று ஒரு நேர்ப்படி எடுப்பார். மூலத்தட்டின்மேல் அப்படியை இடவலமாகத் திருப்பி வைப்பார். மூலத்திற் கரியது படியில் வெண்மையாதலின், கோட்டின்மேற் கோடு பொருந்தும்போது ஒன்றையொன்று அழிக்கும். இரண்டும் எதிர்த்திசையில் நிற்றலால் விலகல் இருமடங்காகத் தோன்றும்; பொருந்தும் நிலையும் கண்ணுக்கு எளிதிற் புலப்படும். விலை மிகுந்த கருவியாலன்றி, ஒரு படத்தை அதன் படியோடே ஒத்துப் பார்க்கும் நுண்ணறிவால் அவர் இதனைச் சாதித்தார்.

அம்முறையால் அவர் அளந்தவற்றுள் மிக அரியது ஒன்றுண்டு. ஐன்ஸ்டைன் என்னும் பேரறிஞரின் கொள்கைப்படி, ஞாயிற்றின் ஈர்ப்பினாலேயே அதன் ஒளிக்கோடுகள் பத்து லட்சத்தில் ஏறக்குறைய இரண்டு பங்கு சிவப்புப் பக்கம் விலக வேண்டும். எவர்ஷெட்டும் அவருடைய துணைவர் ராய்ட்ஸும் இவ்விலகலைப் பல்லாண்டு அளந்தனர். நடுவிடத்தில் ஓரளவும் விளிம்பில் வேறோரளவும் வந்தன. ஞாயிற்றின் நமக்குத் தெரியாத பக்கத்து ஒளியை அறிய, வெள்ளிக் கோளின்மேற் பட்டுத் திரும்பும் ஒளியையும் அவர் படமெடுத்து ஆராய்ந்தார். 1922-இல் ஆஸ்திரேலியாவின் வாலால் கடற்கரையில் நிகழ்ந்த முழுக் கிரகணத்தின்போது, விண்மீன் ஒளி ஞாயிற்றருகே வளைகின்றதா என்று காணச் சென்றார். கருவியின் இயக்கம் பிழைத்தமையால் அவர் குழுவினர்க்குப் பயன் கிட்டவில்லை. அங்குச் சென்ற அமெரிக்கக் குழுவினரே வெற்றி பெற்றனர். ஆண்டுக்கணக்கான ஆயத்தம் சில நிமிடத்தில் வீணாவது எத்துணைத் துயர் தருவது என்பதைக் கூற வேண்டா. ஆயினும் கிடையாத பயனைக் கிடைத்ததாகக் காட்டும் குற்றம் அவரிடத்தில் இல்லை.

1923-இல் ஸி. ஐ. ஈ. என்னும் விருது பெற்று, அவ்வாண்டிலேயே பணியினின்று ஓய்வடைந்தார். இங்கிலாந்து சென்று யூஹர்ஸ்ட் என்னும் ஊரில் மீண்டும் தமக்கென ஓர் ஆராய்ச்சிக் கூடம் அமைத்தார். அரசாங்க ஊதியமின்றித் தொடங்கிய வேலையை ஊதியம் நின்றபின்னும் அவர் கைவிடவில்லை. 1949-இல் மேரி அம்மையார் காலஞ் சென்றார். ஏறக்குறைய 1953 வரை அக்கூடத்தில் உழைத்த எவர்ஷெட், 1956-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 17-ஆம் நாள் தம் தொண்ணூற்றிரண்டாம் வயதில் அவ்வூரிலேயே உயிர் நீத்தார்.

பஞ்சத்தை முன்னறியும் நோக்கம் நிறைவேறியதா என்று கேட்போர் கேட்கலாம். நிறைவேறவில்லை என்பதே உண்மை. சூரியப் புள்ளியை எண்ணி அடுத்த ஆண்டின் மழையைக் கூறும் வழி இன்னும் கைவரவில்லை; பருவமழைக்குக் கடலும் காற்றும் பிறவுமாகிய காரணங்கள் பல உள்ளன. ஆயின் அந்நோக்கத்தால் எழுந்த முயற்சி வேறொரு செல்வத்தை ஈட்டிற்று. 1904 முதல் நாள்தோறும், மேகம் மூடிய நாளொழிய, கொடைக்கானலில் ஞாயிறு படமெடுக்கப்பட்டு வந்தது. நூறாண்டுக்கு மேற்பட்ட அப்படங்களை, 1971 முதல் அந்நிலையத்தை நடத்திவரும் இந்திய வானியற்பியல் நிறுவனத்தார் கணிப்பொறியிற் பதிவு செய்துள்ளனர். ஒரே இடத்தில் ஒரே முறையில் இத்துணைக் காலம் தொடர்ந்து எடுத்த படத்தொகுதி உலகிற் சிலவே. மழை வேண்டி நட்ட மரம் மழையைத் தரவில்லை. எனினும் பல தலைமுறை உண்ணும் கனியைத் தந்துளது. எவர்ஷெட் விளைவின் நூறாம் ஆண்டை நினைவுகூர்ந்து 2008-இல் இந்திய அரசு அஞ்சல் தலை வெளியிட்டது.

அக்கண்ணாடித் தட்டுகளில் ஒன்றை எடுத்தவர் யார், அதைக் கழுவியவர் யார் என்பது இன்று பெரும்பாலும் மறைந்துவிட்டது. பெயர் தெரியாத உதவியாளர் பலர், பனியிலும் குளிரிலும் விடியலில் எழுந்து, தம் கடமையை வழுவாது செய்தனர். தாம் எடுக்கும் படத்தில் நூறாண்டுக்குப் பின்வருவோன் எதனைக் காண்பான் என்பது அவர்க்குத் தெரியாது. தெரியாதாயினும் படத்தைத் தெளிவாக எடுத்து, நாளும் நேரமும் பிழையின்றிக் குறித்து வைத்தனர். தலைவர் ஒருவரின் நேர்மை கூடம் முழுதும் பரவியிருந்தமைக்கு இதுவே சான்று.

ஏட்டுச் சுவடியை ஆராயும் தமிழ் மாணவர்க்கும் இவ்வரலாற்றில் பாடம் உண்டு. சுவடியில் உள்ளதை உள்ளவாறு படிக்காது, தாம் விரும்பிய பாடத்தை அதில் ஏற்றிப் படித்தலால் விளைந்த கேடுகளை நாம் அறிவோம். அவர் சுழற்சியைத் தேடிச் சென்றார்; பரவுதலைக் கண்டார்; கண்டதையே எழுதினார். படமாயினும் ஏடாயினும், தேடியது வேறு, கிடைத்தது வேறு என்னும் நிலை வரும்பொழுது, கிடைத்ததைக் கூசாது கூறும் துணிவே கல்வியின் பயனாகும். அத்துணிவை நமக்குக் காட்டிச் சென்ற எவர்ஷெட் பெருமகனாரின் பெயர், கொடைக்கானற் குன்றுள்ளளவும் நின்று நிலவுவதாக.